வான் பாயும் ஊர்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். கடலோரமாக நகரும் பெரிய ஊர்களும் நெருங்கிக் கிடப்பது எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம் என்பதால் அந்தப் பெயர். வாவிக்கு மேற்கே, வயலும் காடும் குளங்களுமாக விரிந்து சூரியன் படும் திசையில் கிடப்பது படுவான்கரை. மாவட்டத்துக்குச் சோறு போடுவது படுவான்கரை. கச்சேரி, பெரியாஸ்பத்திரி, பெரிய கல்லூரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் எழுவான்கரையில். இந்தப் பங்கீட்டை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் மாற்றவும் யாராலும் முடியவில்லை.

உன்னிச்சை இந்தப் படுவான்கரையின் உள்ளே, வவுணதீவைத் தாண்டி, ஆயித்தியமலையையும் தாண்டிப் போனால் வரும் ஊர். அங்குள்ள குளம் மாவட்டத்தின் பெரிய நீர்ப்பாசனக் குளங்களில் ஒன்று. உறுகாமம், நவகிரி, வாகனேரி என்று மற்றவையும் உண்டு. என்றாலும் மாரி காலத்தில் வானொலிச் செய்தியில் அடிக்கடி அடிபடும் பெயர் உன்னிச்சைதான். "உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்." இந்த வாக்கியத்தை என் பத்திரிகை வாழ்க்கையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

குளம் நிரம்பி மேலதிக நீர் வெளியேறும் இடத்தை எங்கள் பக்கத்தில் 'வான்' என்போம். ஆகாயத்துக்கும் மழைக்கும் அதே சொல். பெய்வதும் வான், பாய்வதும் வான். சொல்லை உண்டாக்கிய மூதாதையருக்கு இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகளாகத் தோன்றியிருக்க வேண்டும். இன்று பெய்யும் வானுக்கு யார் பொறுப்பு என்று உலக நீதிமன்றங்களில் வழக்காடுகிறார்கள். பாயும் வானின் கீழே வயல் வைத்திருப்பவனுக்கு அந்த வழக்கில் இடம் உண்டா என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். தொள்ளாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். மாவட்டத்துத் தென்னைகளில் பத்துக்கு ஒன்பது சாய்ந்தன என்று பின்னர் கணக்கிட்டார்கள். இரண்டரை இலட்சம் வரையான வீடுகள் சேதமாயின. நெற்களஞ்சியங்களும் போயின. அந்த நாட்களில் காலநிலை மாற்றம் என்ற சொற்றொடரே எங்கள் மேசைக்கு வந்திருக்கவில்லை. 'இயற்கையின் சீற்றம்' என்று தலைப்பிட்டோம். கோயில்களில் சாந்தி செய்தார்கள். அந்தப் புயலை இன்றைய கணக்கில் சேர்க்க நான் முற்படவில்லை. வங்காள விரிகுடாவில் புயல் என்றுமே உண்டு. ஒவ்வொரு மழையையும் பிடித்து இது அமெரிக்காவின் புகையால் வந்தது என்று சொல்வது அறிவியலும் ஆகாது, நேர்மையும் ஆகாது.

ஆனால் ஒரு கணக்கு நிச்சயமானது. வளி ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். பூமி கைத்தொழில் யுகத்துக்கு முன்பிருந்ததைவிட ஒரு பாகைக்கு மேல் சூடேறிவிட்டது. எனவே பெய்கிறபோது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது நிலம் விரைவில் காய்வதும் கூடிக்கொண்டே போகும். குளத்துக் கட்டின் கீழ் வாழ்பவனுக்கு இதன் பொருள் மிக எளிது. நிரம்பும் ஆண்டில் அளவுக்கு மிஞ்சி நிரம்பும். வற்றும் ஆண்டில் சேறு தெரியும்வரை வற்றும்.

2011 தை மாதத்துக்கு வருகிறேன். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2007இன் தொடக்கத்தில் யுத்தம் படுவான்கரை மக்களை வாவி கடந்து துரத்தியது. அந்த ஆண்டிலேயே திரும்பத் தொடங்கியவர்கள் மிதிவெடி பயந்து, காடாகிப்போன வட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுத்தார்கள். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. 2010இன் பெரும்போகத்தில் நெடுங்காலத்துக்குப் பிறகு கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேளாண்மை பச்சைப் பிடித்திருந்தது. மார்கழியில் போனவர்கள் திரும்பி வந்து, "இந்த முறை மட்டக்களப்பான் பழைய மட்டக்களப்பானாகிவிடுவான்" என்று சொன்னார்கள். நகை அடைவு வைத்தும், கடைகளில் உரமும் எண்ணெயும் கடனுக்கு வாங்கியும் விதைத்த நெல். அறுவடைக்கு வாரங்களே இருந்தன.

பொங்கலுக்குச் சில நாட்களுக்கு முன் மழை பிடித்தது. பசுபிக் சமுத்திரத்தில் லா நினா வலுத்திருந்த ஆண்டு அது. நாடு முழுவதிலும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள்; அவர்களில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் மட்டக்களப்பு மாவட்டத்தவர். நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 5 கோடியே 10 இலட்சம் டொலர் கேட்டு உலகத்துக்கு வேண்டுகோள் விடுத்தது. தண்ணீர் சற்று வடிந்து, முகாம்களிலிருந்து மக்கள் வீடு திரும்பி, சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது பெப்ரவரி தொடக்கத்தில் இரண்டாவது வெள்ளம் வந்தது. முதல் வெள்ளத்துக்குத் தப்பிய மேட்டு வயல்களும் அதில் போயின.

முதல் வெள்ளத்துக்குப் பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி அந்தப் பக்கம் போனேன். வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. கதிர் முற்றிய நெல் தண்ணீருக்குள் படுத்து முளைவிட்டிருந்தது. முளைத்த நெல்லின் வாசனை இனிமையானதுதான். ஆனால் அன்று அந்த வெளி முழுவதும் அந்த வாசனையே எழுந்து நின்றது. அதற்குப் பிறகு எனக்கு அந்த மணம் பிடிப்பதில்லை.

பாடசாலையொன்றில் தங்கியிருந்தவர்களிடம் உத்தியோகத்தர் ஒருவர் சேத விபரம் எழுதிக்கொண்டிருந்தார். களைத்துப்போயிருந்த இளைஞர், அவருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்ததென்று பின்னர் அறிந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாயின் முறை வந்தது.

"காணி ஆர்ட பேர்ல அம்மா?"

"போடியார்ர பேர்ல தம்பி. நாங்க குத்தகைக்குச் செய்யிற. ரெண்டேக்கர்."

"குத்தகைத் துண்டு இருக்கா?"

"வாய்ப்பேச்சுத்தான்."

இளைஞர் ஏக்கர் என்ற நிரலில் ஒரு சிறு கோடு இழுத்தார். அவர் கெட்டவர் அல்லர். கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் நட்டஈடு. அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தாய் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பத்திரிகைக்காரன் என்பது தெரிந்ததும் சொன்னார்: "மழை பெய்யாட்டியும் நாங்கதான், பெய்ஞ்சாலும் நாங்கதான். நடுவில இருக்கிறவங்களுக்கு ஒண்டும் வாறல்ல மனே."

அவர் நடுவில் இருப்பவர்கள் என்றது குத்தகை நெல்லை முன்கூட்டியே அளந்து வாங்கும் காணிக்காரரையும், உரக்கடைக்காரரையும், நெல்லுக்கு விலை வைக்கும் ஆலைக்காரரையும். ஆனால் அந்த நடு எவ்வளவு அகலமானது என்பதை அன்றிரவே தொலைக்காட்சியில் கண்டேன்.

அதே வாரத்தில்தான் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரை வெள்ளம் மூடியது. பிரேசிலின் ரியோ மாநிலத்தில் மலைச்சரிவுகளில் நூற்றுக்கணக்கானோர் புதைந்ததும் அதே வாரம். சர்வதேசத் தொலைக்காட்சிகளில் பிரிஸ்பேன் நதி மணிக்கணக்கில் ஓடியது. மட்டக்களப்பு வாவிக்குக் கிடைத்தது சில விநாடிகள். எனக்கு இதில் கோபம் இல்லை. எந்தச் செய்தி ஆசிரியனும் தன் வாசகனுக்குப் பக்கத்தில் இருப்பதையே பெரிதாகப் போடுவான். நானும் அப்படித்தான் செய்தேன். என்னை உறுத்தியது பின்னர் நடந்தது. மெல்பேர்னில் வசிக்கும் படுவான்கரை நண்பர் ஒருவர் மறுவருடம் தொலைபேசியில் சொன்னார், அவருடைய சம்பளத்திலிருந்து வெள்ள வரி கழிக்கிறார்களாம். ஆண்டுக்கு 50,000 டொலருக்கு மேல் உழைப்போர் எல்லோரும் ஒரு வருடம் அதைக் கட்ட வேண்டும் என்று அவுஸ்திரேலிய அரசு சட்டம் இயற்றியிருந்தது. அதன் மூலம் 180 கோடி டொலர் திரட்டி, உடைந்த வீதிகளையும் பாலங்களையும் கட்டுவது திட்டம். நண்பர் முணுமுணுக்காமல் கட்டினார். ஊருக்கும் பணம் அனுப்பினார், கோயில் நிர்வாகத்தின் மூலமாக, அரிசி மூட்டை கொடுக்கச் சொல்லி.

பிரிஸ்பேனுக்குக் கொடுத்தது வரி. உன்னிச்சைக்குக் கொடுத்தது தர்மம். வரி கேட்டு வரும். தர்மம் மனம் வைத்தால் வரும். ஒரு நாட்டுக்குள் பேரிடரின் செலவை எல்லோரும் பகிர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாட்டின் எல்லையைத் தாண்டியதும் அந்தச் சட்டம் வேண்டுகோளாகிவிடுகிறது. புலம்பெயர்ந்த அன்பர்கள் அனுப்பிய அரிசியை நான் குறைத்துச் சொல்லவில்லை; 2011இல் பல குடும்பங்களை மாசி மாதம்வரை உயிரோடு வைத்திருந்தது அந்த அரிசிதான்.

இனி உலகக் கணக்கு. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளிவிடும் கரியமில வாயு சராசரியாக ஒரு தொன் அளவு. அமெரிக்கருக்கு அது 14 தொன்னுக்குக் குறையாது. உலகின் மொத்த வெளியேற்றத்தில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஒரு தொன்னும் நாட்டுச் சராசரிதான். கொழும்பின் குளிரூட்டிய கட்டடங்களையும் உன்னிச்சையின் விறகடுப்பையும் கூட்டி வகுத்த எண். ஆனால் 'ஜேர்மன்வாட்ச்' என்ற அமைப்பு 2017ஆம் ஆண்டின் காலநிலைப் பாதிப்புகளை வைத்துத் தயாரித்த பட்டியலில் போட்டோ ரிக்கோவுக்கு அடுத்ததாக இரண்டாம் இடம் பெற்றது இலங்கை.

இந்த அநியாயத்தை ஏழை நாடுகள் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. கடல் உயர்ந்தால் மூழ்கிவிடக்கூடிய சிறு தீவுகளின் சார்பில், பணக்கார நாடுகள் பணம் போட்டு ஒரு காப்புறுதி நிதியம் அமைக்க வேண்டும் என்று வனுவாட்டு 1991இலேயே கேட்டது. 1992இல் றியோவில் கையெழுத்தான உடன்படிக்கையில், பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்ற கொள்கையை எழுதிக்கொண்டார்கள். பிறகு பல மாநாடுகள். 2015இல் பாரிஸில் 'இழப்பும் சேதமும்' என்ற சொல்லுக்கு ஒரு தனி உறுப்புரையே கிடைத்தது. கூடவே அந்த உறுப்புரையை அடிப்படையாக வைத்து எவரும் பொறுப்போ நட்டஈடோ கோர முடியாது என்று தீர்மானத்தில் ஒரு வாசகத்தையும் சேர்த்துவிட்டார்கள். கதவைச் செய்துவிட்டுத் தாழ்ப்பாளை வெளிப்பக்கமாகப் போட்ட கதை. வனுவாட்டு கேட்டு முப்பத்தோராண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், எகிப்தில் நிதியம் ஒன்றுக்கு இணங்கினார்கள். 2023இன் முடிவில் டுபாயில் அது இயங்கத் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டபோது வாக்களிக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 70 கோடி டொலர். உலகம் முழுவதற்கும்.

அந்த 70 கோடியை நினைவில் வைத்துக்கொண்டு 2025 நவம்பர் மாதத்துக்கு வாருங்கள். டித்வா புயல் இலங்கையைக் கடந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தில் சரிவுகள் குடியிருப்புகளை விழுங்கின. நேரடிச் சேதம் மட்டும் 410 கோடி டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாடு இது. அந்தக் காயம் ஆறாத நிலையில் புயலுக்குப் பிறகு சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து இருபது கோடி டொலருக்குச் சற்று அதிகமான அவசர நிதியைப் பெற்றது. அதுவும் கடன். வீட்டுக்கூரையை மேல்வீட்டுக்காரன் உடைத்துவிட்டு, ஓடு வாங்க வட்டிக்குப் பணம் கொடுப்பதை எங்கள் ஊரில் உதவி என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டத்துறையில் மட்டும் சிறிது வெளிச்சம் தெரிகிறது. 2025 ஜூலை 23ஆம் திகதி ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம், காலநிலையைப் பாதுகாப்பது அரசுகளின் சட்டபூர்வக் கடமை என்றும், அதை மீறியதால் ஏற்பட்ட தீங்குக்கான தொடர்பு நிறுவப்பட்டால் ஈடுசெய்யும் பொறுப்பும் எழலாம் என்றும் ஆலோசனைக் கருத்து வழங்கியது. பசுபிக் தீவு மாணவர்கள் 2019இல் தொடக்கிய முயற்சியின் விளைவு அது. கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல என்பது உண்மை. ஆனாலும் அதே நீதிமன்றத்தில் எங்கள் நாட்டவர் ஒருவர் அமர்ந்து எழுதியதை இங்கே நினைவுபடுத்தியாக வேண்டும். நீதியரசர் சி.ஜி.வீரமந்திரி, டான்யூப் நதி அணைக்கட்டு தொடர்பில் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான வழக்கில், 1997 செப்டெம்பரில் தனியாக ஒரு கருத்துரை எழுதினார். நிலைத்து நிற்கும் அபிவிருத்தி என்பது நவீன மேற்கின் கண்டுபிடிப்பு அன்று என்று காட்ட, அவர் விரிவாக எடுத்தாண்ட உதாரணங்களில் ஒன்று இலங்கையின் பழைய குளங்களும் வாய்க்கால்களும். உலக நீதிமன்றத்தின் ஏட்டில் எங்கள் குளங்கள் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டன.

குளத்தைப் பற்றி இன்னொன்று. மட்டக்களப்பு நகரமும் சுற்றுப்புறமும் குடிக்கும் குழாய் நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, வவுணதீவில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, எழுவான்கரைக்குக் குழாய் போட்டார்கள். நல்ல காரியம், நகரத்துக் கிணறுகள் உப்பாலும் மலக்குழிகளாலும் கெட்டுப்போயிருந்தன. ஆனால் குளத்தடிக் கிராமங்கள் பலவற்றுக்கு அதே குழாய் நெடுங்காலம் எட்டவில்லை. வரட்சி மாதங்களில் பவுசர் வண்டிக்காகக் குடத்தோடு காத்திருந்த பெண்களுக்குப் பின்னால் குளம் தெரிந்தது. 2016, 2017 வரட்சி கடந்த பல பத்தாண்டுகளில் கண்டிராத அளவு கொடியது. அந்த நாட்களில் கிராமத்துப் பெண்கள் எடுத்த நுண்கடனின் வட்டி குடும்பங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை மட்டக்களப்பில் அறியாதவர் இல்லை. வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசு இரத்துச் செய்ய முன்வந்ததே அதற்குச் சான்று.

ஆகவே வடநாடுகளை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள இயலாது. 2021ஆம் ஆண்டு கோட்டாபய ராஜபக்ஷ இரசாயன உரத்தை ஒரே இரவில் என்று சொல்லத்தக்க வேகத்தில் தடைசெய்தார். அந்த ஆண்டின் இறுதியில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போய், அதை உலகத்துக்கு முன்மாதிரியாக எடுத்துச் சொன்னார். இங்கே படுவான்கரையில் நெல் மஞ்சளித்து நின்றது. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போகத்துக்குக் காலம் கடந்துவிட்டது. பூமியைக் காக்கும் புண்ணியத்தின் செலவைக்கூட இரண்டேக்கர்க்காரன் தலையில் கட்டலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

வெள்ளக் காலத்தில் வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது என்ற தகராறும் அப்படித்தான். சீக்கிரம் வெட்டினால் வயல் தப்பும், இறால் கடலுக்குப் போய்விடும். பிந்தி வெட்டினால் தோணிக்காரன் பிழைப்பான், வேளாண்மை அழுகும். இரண்டு ஏழைகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு கச்சேரிக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பல தடவை செய்தியாக்கியிருக்கிறேன். மழை கூடக்கூட அந்தக் கூட்டமும் சூடேறும்.

2025இல் பிரேசிலின் பெலெம் நகர மாநாட்டின்போது, இழப்பு சேத நிதியம் முதன்முறையாக 25 கோடி டொலருக்கு விண்ணப்பம் கோரியது. விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கத்தான் வேண்டும். இலங்கை அரசு கேட்டு, கொழும்புக்கு ஒரு தொகை வந்து, அது மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகம் என்று இறங்கி வவுணதீவைத் தாண்டி வருவதாகவே வைத்துக்கொள்வோம். அங்கே மறுபடியும் ஓர் இளைஞர் பேனாவோடு அமர்ந்து, காணி ஆர்ட பேர்ல என்று கேட்பார். வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரருக்கும் கூலிக்கு நாற்று நடும் பெண்ணுக்கும் கமநலப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திறப்பதற்கு எகிப்திலோ டுபாயிலோ மாநாடு கூட்ட வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய சட்டத்திருத்தம் பத்தரமுல்லையில் ஒரு மேசையில் முடியக்கூடிய வேலை.